ஏலச்செடிக்கு வடிகால் உண்டு, கீழ் ரூமுக்கு?

இந்த முறை சினிமா இல்லை, கிரிக்கெட் இல்லை, செமஸ்டர் புலம்பலும் இல்லை. ஒரு குழியைப் பற்றி எழுதப் போகிறேன். வீட்டுச் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில், ஜன்னலுக்கு வெளியே இருக்கிற குழி. "ஒனக்கு வேற சப்ஜெக்டே கிடைக்கலையா மாப்ள?" என்று கேட்கப் போகும் கடைசி பெஞ்ச் நண்பர்களே, முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள். உங்களில் நாலு பேராவது இப்போது அப்படிப்பட்ட ஜன்னல் உள்ள ரூமில்தான் குடியிருக்கிறீர்கள்.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு நாலு வரி. போடிநாயக்கனூர், தேனி மாவட்டம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். ஊரிலிருந்து முந்தல் போய், அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளா. பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று ஏலமலை விரிந்துகொண்டே போகும். அங்கே விளைகிற காய் ஏலத்துக்குக் கீழே வரும். கீழேயிருந்து ஜீப் ஜீப்பாக ஆட்கள் தினமும் மேலே போவார்கள். மேலேயே தங்கி வேலை பார்க்கிறவர்களும் உண்டு. இப்போது வடக்கேயிருந்து வந்த ஆட்களும் நிறைய.

அந்த மலையில் வீடு எப்படிக் கட்டுகிறோம்? சரிவை வெட்டித் தளம் எடுக்கிறோம். ரோட்டில் நின்று பார்த்தால் ஒரே மாடி. பக்கவாட்டுப் படியில் இறங்கினால் கீழே இன்னொன்று. சில இடங்களில் அதற்கும் கீழே ஒன்று. கீழ் வீட்டின் ஒரு பக்கம் பள்ளத்தாக்கு. அங்கே நல்ல காற்று, நல்ல வெளிச்சம், செல்ஃபி எடுக்கத் தோதான ஜன்னல். எதிர்ப்பக்கம் மண். அந்த மண் பக்கத்தில் ஒரு ரூம் வந்தால் அதற்குக் காற்றும் வெளிச்சமும் எங்கிருந்து வரும்? வெட்டிய மண்ணுக்கும் சுவருக்கும் நடுவில் மூணு அடி இடம் விட்டு, மண் சரியாமல் ஒரு தாங்கு சுவர் கட்டி, அந்த இடைவெளியைப் பார்த்து ஜன்னல் வைத்தால் வரும். அதுதான் நான் சொல்கிற குழி.

அமெரிக்காவில், கனடாவில் கீழ்த்தள ரூம் வைத்த வீடுகளில் இது சாதாரண விஷயம். ஜன்னலைச் சுற்றி அரை வட்டமாகத் தகரத்திலோ கான்கிரீட்டிலோ ஒரு தடுப்பு, உள்ளே ஜல்லி, அடியில் வடிகால். கடையில் ரெடிமேடாகவே விற்கிறார்கள். அதற்கென்று தனிப்பெயர், தனி விதி எல்லாம் வைத்திருக்கிறார்கள். நம்மூரில் பெயர்கூடக் கிடையாது. 'பேஸ்மட்டம்' என்று சொன்னாலே நம்மாட்களுக்கு (வடிவேலு புண்ணியத்தில் எல்லோருக்கும்) தரைக்கு மேலே எழும்புகிற மேடைதான் ஞாபகம் வரும். தரைக்குக் கீழே ஆள் குடியிருக்கிற ரூம் இருக்கிறது என்பதையே நம் கட்டட பாஷை ஒத்துக்கொள்ளவில்லை. பெயர் இல்லாத பொருளுக்குப் பராமரிப்பு எங்கிருந்து வரும்? ஆகவே நான் 'ஜன்னல் குழி' என்று வைத்துக்கொள்கிறேன். இதைவிட நல்ல பெயர் யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம்.

மலையில்தான் இந்தக் கதை என்று கீழே இருப்பவர்கள் நிம்மதிப்பட வேண்டாம். போடிக்குள்ளேயே இருக்கிறது, வேறு வழியில் வந்தது. வீடு இறங்கவில்லை, ரோடு ஏறியது. தாத்தா காலத்தில் தெருவிலிருந்து மூணு படி ஏறித் திண்ணை. அப்பா காலத்தில் ஒரு படி. இப்போது தெருவிலிருந்து வீட்டுக்குள் ரெண்டு படி இறங்க வேண்டும். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார், அதன் மேலேயே ஜல்லி, அதன் மேலேயே சிமெண்ட். ஒரு தடவைக்கு மூணு இஞ்ச் என்று வைத்தாலும் எட்டுத் தடவையில் ரெண்டு அடி. ஜன்னலின் கீழ்ப்பாதி தெருவுக்குள் புதைந்துவிட்டது. தண்ணி உள்ளே வராமல் இருக்க ஜன்னலைச் சுற்றிச் செங்கல்லில் ஒரு குட்டிச் சுவர் எழுப்பினோம். யாரும் திட்டம் போடாமலே ஜன்னல் குழி பிறந்துவிட்டது. அடியில் வடிகால் மட்டும் கிடையாது.

ரோட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். 2021 மே மாதம், அப்போது தலைமைச் செயலாளராக இருந்த வெ.இறையன்பு, பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போட வேண்டும், இல்லாவிட்டால் வீடுகள் பள்ளத்தில் போய்விடும் என்று அதிகாரிகளுக்கு எழுத்து மூலமாகவே சொன்னார். ஆக, இது என் சொந்தச் சரக்கு இல்லை. அரசாங்கத்தின் உச்சியில் இருந்தவரே சொன்னது. உங்கள் தெருவில் அடுத்த முறை ரோடு போட வரும்போது, சுரண்டும் மிஷின் வந்ததா, தார் லாரி மட்டும் வந்ததா என்று பாருங்கள். லாரி மட்டும் வந்தால் முன்னால் நின்று கேளுங்கள். ரோடு போட்டு முடித்த பிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். சண்டை யாரோடு?

முதல் எதிரி ஒரு யோசனை. "ஜன்னலால தான தண்ணி வருது, அடைச்சுப் பூசிருவோம்." இதைச் சொல்லாத கொத்தனாரை நான் இன்னும் பார்க்கவில்லை. முதலாம் ஆண்டில் நான் இருந்த ரூம் அப்படி ஒன்று. தெருவுக்கு ரெண்டு அடி கீழே, ஒரே ஜன்னல், வெளியே குட்டிச் சுவர். குழி நிறைய பான்பராக் கவர், சருகு, யாரோ போட்ட ஒத்தைச் செருப்பு. ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி குழி நிறைந்து ஜன்னல் கட்டை வழியாக உள்ளே வழிந்தது. காலையில் பாய், நோட்டு, லேப்டாப் பை எல்லாம் ஈரம். வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "தம்பி, ஜன்னல அடைச்சுட்டா பிரச்சினை முடிஞ்சுது. ஃபேன் இருக்குல்ல, காத்துக்கு என்ன?" என்றார். ரெண்டே நாளில் ஹாலோ பிளாக் வைத்து அடைத்தார். வாடகையைக் குறைக்கவில்லை. மூணு வாரத்தில் அந்தச் சுவரில் கறுப்பாகப் பூசணம் படர்ந்தது. நாலாவது வாரம் நான் ரூமைக் காலி செய்தேன். எனக்குப் போக இன்னொரு ரூம் கிடைத்தது. எல்லோருக்கும் கிடைக்காது, அதனால்தான் இந்தக் கட்டுரை.

அடைப்பது ஏன் தப்பு? ஜன்னலை அடைத்தால் தண்ணி போய்விடாது. ஜன்னல் வழியாக வந்தது இனி சுவர் வழியாக வரும். முன்னாடி கண்ணுக்குத் தெரிந்தது, இனி தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கணக்குப் பார்ப்போம், பிளஸ் டூ பிசிக்ஸ் போதும். தேங்கி நிற்கிற தண்ணி ஆழத்துக்கு ஆழம் அதிகமாகத் தள்ளும். சுவருக்குப் பின்னால் 2 மீட்டர் உயரத்துக்குத் தண்ணி கட்டிக்கொண்டால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 2 டன் தள்ளுவிசை. இது தண்ணி மட்டும். நனைந்த மண்ணின் தள்ளு தனி. பத்து அடி நீளச் சுவர் என்றால் ஆறு டன். ஒன்பது இஞ்ச் செங்கல் சுவரை மேலேயிருந்து வருகிற பாரத்துக்குத்தான் கட்டுகிறோம், பக்கவாட்டில் ஆறு டன் வாங்குவதற்கு இல்லை. தண்ணிக்குப் போக வழி விட்டால் இந்த இரண்டு டன்னும் பூஜ்யம். நாலு இஞ்ச் பைப் ஒன்று செய்கிற வேலையை எத்தனை மூட்டை சிமெண்டும் செய்யாது.

இரண்டாவது எதிரி இன்னொரு யோசனை: "குழி வேஸ்ட் இடம்." மலையில் ஒரு சென்ட் என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும். மூணு அடிக்கு முப்பது அடி சும்மா கிடந்தால் கண்ணை உறுத்தத்தான் செய்யும். முதலில் விறகு அடுக்குவோம். அப்புறம் மழைக்கு மேலே தகரம். அப்புறம் பழைய சிண்டெக்ஸ், உடைந்த பைப், காலி உர மூட்டை. கடைசியில் மண்ணைக் கொட்டி நிரப்பி மேலே தளம் போட்டால் ஒரு கோழிக்கூண்டுக்கு ஆச்சு. உள்ளே இருக்கிற ரூமுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. நிரப்புகிற மண்ணும் எது? வெட்டிப் போட்ட மலைக் களி. அது தண்ணியைக் குடித்துக் குடித்து வீங்கி, சுவரின் மேல் ஈரத்துணி சுற்றின மாதிரி வருஷம் பூரா கிடக்கும்.

இப்போது நான் கேட்க நினைத்த கேள்விக்கு வருகிறேன்.

ஏலத்தோட்டக்காரரிடம் போய்ச் செடியின் தூரில் தண்ணி தேங்கினால் என்ன ஆகும் என்று கேட்டுப் பாருங்கள். பாதி ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார், அழுகல் வரும் என்று. காய் அழுகும், தட்டை அழுகும், அப்புறம் அந்த வருஷம் போச்சு. அதனால் காலவர்ஷம் தொடங்குவதற்கு முன்னால் வடிகால் எடுக்கிறார். சருகை ஒதுக்குகிறார். வெளிச்சமும் காற்றும் வேண்டும் என்று நிழல் மரத்தின் கிளையைக் கவாத்து பண்ணுகிறார். மருந்தும் அடிக்கிறார். இதெல்லாம் யாரும் சட்டம் போட்டுச் சொல்லவில்லை. நஷ்டம் சொல்லிக் கொடுத்தது.

பறித்த பிறகு பாருங்கள். பச்சைக்காயில் எண்பது சதவீதத்துக்குப் பக்கமாகத் தண்ணி. ஸ்டோரில் வைத்து ராத்திரி முழுக்கச் சூடு கொடுத்துப் பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்குக் கொண்டு வருகிறார்கள். அப்புறம் கறுப்பு பாலிதீன் போட்ட சாக்கு, சாக்குக்கு அடியில் மரப்பலகை, சுவரை ஒட்டாமல் இடைவெளி. துளி ஈரம் பட்டால் பூசணம், நிறம் போகும், விலை போகும்.

8 மில்லிமீட்டர் காய் ஈரச் சுவரை ஒட்டி ஒரு ராத்திரி இருக்கக் கூடாது. அந்தக் காயைப் பறித்தவர் அதே ஈரச் சுவரை ஒட்டி வருஷம் முழுக்கப் படுக்கலாமா? காய்க்குத் தெரிந்த ஞானம் ஆளுக்கு வரும்போது எங்கே போகிறது?

"அவங்க பழகிக்குவாங்க" என்பார்கள். நுரையீரல் பழகாது சார். ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் இருப்பவர்களுக்கு மூச்சுக்கோளாறும் ஆஸ்துமாவும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே இதற்கென்று தனி வழிகாட்டி வெளியிட்டது. குழியில் தண்ணி தேங்கினால் ஒரு வாரம், பத்து நாளில் கொசு முட்டை கொசுவாகிவிடும், அது டெங்கு. குளிர் தாங்காமல் ஜன்னல் இல்லாத ரூமுக்குள் கரி அடுப்பு வைத்துக்கொண்டு தூங்குகிறவர்கள் உண்டு. அந்தப் புகையில் வாசனை இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. கொடைக்கானல், ஊட்டிப் பக்கமிருந்து இப்படிச் சாவுச் செய்தி வந்திருக்கிறது. ஜன்னல் அடைத்த ரூமில் அடுப்பு வைப்பவரைத் திட்டுகிறோம். அடைத்தவரைத் திட்டுவதில்லை.

"சும்மா பயமுறுத்தாதே, மழைத்தண்ணியில யாராவது ரூமுக்குள்ள சாவாங்களா?" என்று கேட்பவர்களுக்காக மூணு தேதி.

2021 செப்டம்பர் 1. நியூயார்க்கில் ஐடா புயலின் மிச்ச மழை. நகரத்தில் 13 பேர் செத்தார்கள். அதில் 11 பேர் தரைக்குக் கீழே இருக்கிற வாடகை ரூம்களில். அத்தனை பெரிய ஊரில், அத்தனை பணக்கார ஊரில்.

2022 ஆகஸ்ட் 8. சியோல். பாரசைட் படம் பார்த்தவர்களுக்கு அந்தப் பாதி நிலத்தடி வீடு தெரியும். அப்படி ஒரு வீட்டில் ஒரே குடும்பத்தில் மூணு பேர் வெளியே வர முடியாமல் இறந்தார்கள். கதவைத் தள்ள முடியாதா? முடியாது. மூணு அடி அகலக் கதவுக்கு வெளியே அரை மீட்டர் தண்ணி நின்றாலே நூறு கிலோவுக்கு மேல் எதிர்த்துத் தள்ளும். அரை மீட்டர் என்பது முட்டி உயரம்தான்.

2024 ஜூலை 27. டெல்லி, பழைய ராஜேந்திர நகர். ஐ.ஏ.எஸ். பயிற்சி மையம் ஒன்றின் கீழ்த்தள நூலகத்தில் வெள்ளம் புகுந்து மூணு மாணவர்கள் இறந்தார்கள். நம் வயசு. புத்தகம் படித்துக்கொண்டிருந்த இடத்தில்.

மூணு ஊரிலும் செத்தது யார் என்று பாருங்கள். வாடகைக்காரர், கூலி வேலைக்காரர், மாணவர். கீழே இருப்பவர்கள். போடியில் தெரு வழியாக வருகிற தண்ணிக்கு நியூயார்க் என்றும் தெரியாது, நம்மூர் என்றும் தெரியாது. பள்ளம் எங்கே என்று மட்டும் தெரியும்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மலை இறங்கி லயத்து வீடுகள் மேல் விழுந்து 70 பேர் போனார்கள். நம் தமிழ் ஜனங்கள். ஜன்னல் குழியைச் சுத்தம் பண்ணியிருந்தால் அது நடந்திருக்காது என்று நான் சொல்லவில்லை, சொன்னால் அது பொய். அது மலைச்சரிவு, அதற்கு வீட்டுச் சுவர் பதில் சொல்ல முடியாது. ஆனால் அந்த மாதிரிப் பெரிய சாவைக் காட்டி, "எல்லாம் இயற்கை, நம்ம கையில என்ன இருக்கு" என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்து போகிறார்கள் பாருங்கள், அதை ஒத்துக்கொள்ள முடியாது. மலையை நிறுத்துவது நம் கையில் இல்லை. மூணு அடிக் குழியில் சருகு அள்ளுவது நம் கையில்தான் இருக்கிறது.

சரி, என்ன செய்வது? திட்டிவிட்டுப் போவது எனக்கும் சுலபம். செய்ய வேண்டியதையும் எழுதிவிடுகிறேன்.

பராமரிப்பு என்றால் வருஷத்துக்கு ரெண்டு முறை. மேலே மலையில் ஜூன் காலவர்ஷத்துக்கு முன்னால், அதாவது வைகாசிக்குள். கீழே போடியில் அக்டோபர் மழைக்கு முன்னால், புரட்டாசிக்குள். போடிமெட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு ரெண்டு மழையும் உண்டு, ரெண்டு முறையும் செய்ய வேண்டும்.

1. குழியில் இருக்கிற சருகு, கவர், மண் எல்லாவற்றையும் அள்ளி வெளியே எடுங்கள். ஓரத்தில் ஒதுக்கினால் போதாது.

2. ஒரு குடம் தண்ணி ஊற்றிப் பாருங்கள். நிற்காமல் இறங்கினால் வடிகால் உயிரோடு இருக்கிறது. நின்று யோசித்தால் அடைப்பு. ஒரு கம்பியோ, மூங்கில் சிம்போ விட்டுக் குத்துங்கள். முக்கியமாக, தண்ணி வெளியே வருகிற பைப்பின் மறுமுனை எங்கே என்று கண்டுபிடியுங்கள். பாதிப்பேருக்கு அது தெரியாது. அந்த முனையில் எலி, தவளை நுழையாமல் கம்பி வலை.

3. தாங்கு சுவரில் விட்டிருக்கிற கசிவுத் துளைகளைப் பாருங்கள். நல்ல மழைக்குப் பிறகு அதிலிருந்து தண்ணி கசிவது நல்லது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று சிமெண்ட் வைத்து அடைக்கிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் மேலே அந்த ரெண்டு டன் கணக்கு.

4. குழியின் தரை, ஜன்னல் கட்டைக்கு அரை அடியாவது கீழே இருக்க வேண்டும். குழிச் சுவரின் மேல்மட்டம், வெளித் தரைக்கு அரை அடியாவது மேலே இருக்க வேண்டும். சன்ஷேடிலிருந்தும் கூரையிலிருந்தும் விழுகிற தண்ணி குழிக்குள் விழாமல் பைப் வைத்து வேறு பக்கம் திருப்புங்கள்.

5. குழியின் உள்பக்கத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. செலவு ரொம்பக் கம்மி. வெளிச்சம் பட்டுத் தெறித்து ரூமுக்குள் வரும். பகலில் லைட் போடாமல் புத்தகம் படிக்கலாம்.

6. மேலே மூடி வேண்டுமானால் போடுங்கள். தகரம் வேண்டாம், ஒளி ஊடுருவுகிற ஷீட் போடுங்கள், சுற்றிலும் காற்றுக்கு இடைவெளி விட்டு. கிரில் போட்டால் உள்ளேயிருந்து சாவி இல்லாமல் திறக்கிற மாதிரி இருக்க வேண்டும். திருடனுக்குப் பயந்து வெளியே பூட்டுப் போட்டால், தண்ணி வரும் ராத்திரி உள்ளே இருப்பவருக்கு அது கூண்டு.

மாற்றிக் கட்ட வேண்டிய நேரம் எது? தாங்கு சுவரில் குறுக்காக, படுக்கை வசத்தில் விரிசல் ஓடினால். சுவரின் நடுவில் வயிறு தள்ளினால். மேலே மண்ணில் சுவருக்கு இணையாகக் கீறல் தெரிந்தால். இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் பூச்சு வேலை உதவாது, முதலில் அந்த ரூமில் ஆள் படுப்பதை நிறுத்துங்கள். வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள், மழைக்காலத்தில் மலையை நோண்டாதீர்கள். மொத்தச் சுவரையும் ஒரே நாளில் இடிக்காமல் நாலைந்து அடியாகப் பிரித்துச் செய்ய வேண்டும். ஆள் உயரத்துக்கு மேல் என்றால் கொத்தனாரை மட்டும் நம்பாமல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். சுவருக்குப் பின்னால் மண்ணைக் கொட்டாமல் ஒரு அடிக்கு ஜல்லி, ஜல்லியில் மண் புகாமல் நடுவில் வடிகட்டித் துணி, அடியில் ஓட்டை போட்ட பைப், நூறு அடிக்கு ஒரு அடி சரிவு. சின்னக் குழி என்றால் சதுரமாகக் கட்டுவதைவிட அரை வட்டமாகக் கட்டினால் மண்ணின் தள்ளை நன்றாகத் தாங்கும். கிணற்றுக்கு வட்டமாக உறை இறக்கின நம் பாட்டன்களுக்கு இதை யாரும் அமெரிக்காவிலிருந்து வந்து சொல்லித்தரவில்லை.

அமெரிக்காவைச் சொன்னதால் அவர்கள் விதியையும் சொல்கிறேன். அங்கே பல மாநிலங்கள் பின்பற்றுகிற வீட்டு விதித்தொகுப்பில், படுக்கை அறைக்குத் தப்பிக்கிற ஜன்னல் கட்டாயம். அதற்கு வெளியே குழி இருந்தால் பரப்பு 9 சதுர அடிக்குக் குறையக் கூடாது, சுவரிலிருந்து 36 இஞ்ச் வெளியே தள்ளி இருக்க வேண்டும், 44 இஞ்சுக்கு மேல் ஆழம் என்றால் ஏறி வர ஏணி வேண்டும். காற்றுக்காக மட்டும் அவர்கள் இதைக் கேட்கவில்லை. ஆள் அதன் வழியாக வெளியே வர வேண்டும். விதி இருந்தும் நியூயார்க்கில் 11 பேர் போனார்களே என்றால், விதிக்கு வெளியே வாடகைக்கு விட்ட ரூம்கள்தான் அங்கேயும் ஏராளம். நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் சும்மா இல்லை. குளிர்ப் பகுதிக்கு தரைப்பரப்பில் பன்னிரண்டில் ஒரு பங்கு, வறண்ட வெப்பப் பகுதிக்குப் பத்தில் ஒரு பங்கு, ஈரமான வெப்பப் பகுதிக்கு ஆறில் ஒரு பங்கு ஜன்னல் திறப்பு வேண்டும் என்கிறது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் நூறு சதுர அடி ரூமுக்கு எட்டு சதுர அடிக்குக் குறையாமல் ஜன்னல். உங்கள் ரூமை இன்றைக்கே டேப் பிடித்து அளந்து பாருங்கள்.

கடைசியாக, யார் செய்ய வேண்டும் என்கிற சண்டை. "குடியிருக்கிறவங்க சுத்தம் பண்ணிக்கணும்" என்கிறார் வீட்டுக்காரர். சருகு அள்ளுவதும், ஒரு குடம் தண்ணி ஊற்றிப் பார்ப்பதும் குடியிருப்பவர் செய்யலாம், நானும் செய்வேன். தாங்கு சுவரும், வடிகாலும், ஜல்லியும் வீட்டுக்காரர் பாடு. சுவர் அவருடையது, சுவர் விழுந்தால் அதன் அடியில் இருப்பது மட்டும் நாம். ஜன்னலை அடைத்துவிட்டு முழு வாடகை வாங்குவது, கவர் இல்லாத சிலிண்டர் விற்பதைப் போல. பொருள் வேலை செய்யும், ஆளுக்கு உத்தரவாதம் இல்லை. ரோட்டு மட்டம் நகராட்சி பாடு, ஊராட்சி பாடு. மலையில் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு அரசாங்கம், அந்தப் பக்கம் ஒரு அரசாங்கம் என்று தள்ளிவிடவும் முடியாது. மண்ணும் மழையும் செக்போஸ்ட்டில் நின்று பாஸ் வாங்கி வருவதில்லை.

செலவு என்பார்கள். ஏலக்காய் விலை ஏறின வருஷங்களில் மலையில் எத்தனை வீட்டுக்கு முன்பக்கம் டைல்ஸ் ஒட்டினார்கள், எத்தனை கேட்டுக்குச் சிங்க முகம் வைத்தார்கள் என்று நாம் எல்லோரும் பார்த்தோம். அதில் ஒரு சிங்கத்தின் காசில் ஒரு குழிக்குப் பைப்பும் ஜல்லியும் போடலாம். முன்பக்கத்தை ஊர் பார்க்கும், பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்பதுதான் மொத்தப் பிரச்சினையும்.

நண்பர்களுக்கு ஒரு வேலை. அடுத்த வருஷம் ரூம் பார்க்கப் போகும்போது வாடகை, வைஃபை, பைக் நிறுத்த இடம் கேட்பதற்கு முன்னால் ஜன்னலைத் திறந்து வெளியே எட்டிப் பாருங்கள். குழி இருந்தால் தண்ணி எங்கே போகிறது என்று கேளுங்கள். "அதெல்லாம் தானா போயிரும்" என்று பதில் வந்தால் அட்வான்ஸைப் பையிலேயே வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டுங்கள்.

பி.கு: மலையில் சொந்த வீடு இருக்கிறவர்கள் யாராவது கீழ் ரூமுக்கு ஜன்னல் குழி ஒழுங்காகப் போட்டிருந்தால் என்ன செலவு ஆனது, எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள். அடைத்தே தீருவேன் என்பவர்களும் வரலாம், சண்டை போடலாம். வருவதற்கு முன்னால் அந்த ரூமில் ஒரு வாரம் படுத்துவிட்டு வாருங்கள் :-)